முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு சுகர் மாத்திரை கிடைக்குமா? இன்சுலின், கால் புண், ரேஷன் கார்டு குழப்பம்

மனு எழுதுபவன் (சேரன்மகாதேவி)

எல்லாருக்கும் வணக்கம். வீரவநல்லூர், பத்தமடை, முக்கூடல் பக்கம் பீடி சுத்துறவங்களுக்கும் வாழைத்தோட்ட வேலைக்குப் போறவங்களுக்கும் காப்பீட்டு மனு எழுதிக் கொடுக்கேன். வாரவங்கள்ல நிறையப் பேருக்குச் சுகர் இருக்கு. திரும்பத் திரும்ப வார கேள்விகள இங்க போடுதேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முதல்வர் காப்பீட்டு அட்டைய நீட்டுனா மாசாமாசம் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கிடைக்குமா? மருந்துக்கடையில காட்டிட்டு ஏமாந்து திரும்புதாவ.

தாயார் பேரு மூத்த மகன் ரேஷன் கார்டுல இருக்கு, அவரு பம்பாயில. தாயார் இருக்கது மகள் வீட்டுல. யாரு வருமானத்தக் காட்டணும்?

மாத்திரைக்குச் சுகர் கட்டுப்படாம இன்சுலின் எழுதிட்டாவன்னா, வீட்டுல பிரிட்ஜ் இல்லாதவங்க எங்க வைக்க?

கடைசியா ஒண்ணு. ஒரு ஏஜென்ட் ஊருக்குள்ள சுத்துதாரு. "சுகர் இருக்குன்னு எழுத வேண்டாம், நான் பாலிசி போட்டுத் தாரேன்"ங்காரு. இது சரியா வருமா?

கொக்கிரகுளத்தான்

அண்ணாச்சி, முதல் கேள்வியிலதான் மொத்தச் சிக்கலும் இருக்கு. அந்த அட்டை ஆஸ்பத்திரியில படுத்துப் பாக்குற வைத்தியத்துக்கு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும், பட்டியல்ல இருக்கிற சிகிச்சைக்கு, பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரியில, ரொக்கம் கட்டாம. டயாலிசிஸ், இதய அடைப்புக்கு ஸ்டென்ட், பைபாஸ், கால் புண் அறுவை, விழித்திரைக்கு லேசர், எல்லாம் இதுக்குள்ள வரும். அதாவது சுகரால வார பெரிய கேடுகளுக்கு அட்டை உண்டு, சுகருக்கு மட்டும் கிடையாது. மெட்பார்மின் மாதிரி சுகர் மாத்திரைக்கும் மாசப் பரிசோதனைக்கும் ஒரு ரூபா கூட அதுல வராது.

அதுக்கு வேற வாசல் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சா மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் வழியா வீட்டுக்கே கொண்டு வந்து தருவாங்க. அந்தப் பகுதிக்குன்னு ஒரு பெண் தன்னார்வலர் இருப்பாங்க, பெரும்பாலும் மகளிர் குழுவுல உள்ளவங்க. அவங்க பேரையும் போன் நம்பரையும் மனு எழுதும்போதே ஒவ்வொருத்தருக்கும் குறிச்சுக் கொடுத்திருங்க. வீடு மாறுறப்போ, தீபாவளிக்கு மகன் வீட்டுக்குப் போறப்போ, நாத்து நடவுக்கு நாள் பூரா வயல்ல கெடக்குறப்போதான் மாத்திரை விட்டுப் போகும். அந்த மாசத்துக்கு நிலையத்துக்கே சிகிச்சை நோட்டோட போயி வாங்கிக்கணும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வச்சிருக்கவங்களுக்கு முக்கூடல்ல மத்திய அரசோட பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி இருக்கு, அதையும் நிறையப் பேரு மறந்துருதாவ. வீட்டுல யாராவது மில்லுலயோ ஜவுளிக்கடையிலயோ 21,000 ரூபாய்க்குள்ள சம்பளத்துக்கு இருந்து இஎஸ்ஐ பிடிக்காங்கன்னா, அவங்களை நம்பி இருக்கிற தாய் தகப்பனுக்கும் அதுல மருந்து உண்டு. சம்பளச் சீட்டப் பாக்கச் சொல்லுங்க.

இப்ப ரேஷன் கார்டு. திட்டத்துக்குக் குடும்பம்னா கணவன், மனைவி, பிள்ளைகள், அவங்களச் சார்ந்த பெற்றோர். அதுக்கு ஆதாரமாப் பாக்குறது ரேஷன் கார்டு. எந்தக் கார்டுல பேரு இருக்கோ அந்தக் குடும்ப வருமானம்தான் கணக்கு. வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். மகன் பம்பாயில சம்பாதிக்காரு, தாயார் அவரு கார்டுல இருக்காங்கன்னா அவரு வருமானத்தத்தான் கேப்பாங்க, அவரு வராம வேலையும் நடக்காது. முதல்ல அந்தக் கார்டுல பேர நீக்கி மகள் கார்டுல சேருங்க. பொது விநியோகத் துறை இணையதளத்துல, இல்ல இ-சேவையில மனுப் போட்டு, தாலுகா வழங்கல் அலுவலகத்துல முடிக்கணும். இது முடிஞ்ச பிறகுதான் வருமானச் சான்று. வரிசைய மாத்தி, பழைய கார்டுக்கு வருமானச் சான்று எடுத்துட்டா திரும்பவும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு முதல்ல இருந்து.

சான்று, ரேஷன் கார்டு, எல்லார் ஆதாரும் எடுத்துக்கிட்டுக் கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டுப் பதிவு அறைக்குப் போகணும். அங்க மனு திரும்புறதுக்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயம்தான். ஆதார்ல "இசக்கியம்மாள்", ரேஷன்ல "இசக்கி". ஆதார்ல பிறந்த வருஷம் மட்டும் இருக்கும், தேதி இருக்காது. இன்னொண்ணு, பீடி சுத்துறவங்களுக்குக் கைரேகை தேஞ்சு போயிரும், மெஷின்ல விழாது. ஆதார்ல போன் நம்பர் இணைஞ்சிருந்தா ஓ.டி.பி. வச்சு ஒப்பேத்தலாம். அதனால போன் நம்பரை முன்கூட்டியே இணைச்சிட்டுப் போகச் சொல்லுங்க, அந்த போனையும் கையோட கொண்டு போகச் சொல்லுங்க. பேரன் நம்பரைக் கொடுத்துட்டு அவன் கோயம்புத்தூர்ல இருந்தா அன்னைக்கு ஓ.டி.பி. வராது.

ஏற்கெனவே அட்டை இருக்கா இல்லையான்னு தெரியாதவங்களும் உண்டு, பழைய முகாம்ல யாராவது பதிஞ்சிருப்பாங்க. திட்டத்து இணையதளத்துல ரேஷன் கார்டு எண்ணப் போட்டா தெரிஞ்சிரும். அதுல தாயார் பேரு இருக்கான்னு தனியாப் பாருங்க. குடும்பத்துக்கு அட்டை இருந்து, வேண்டியவர் பேரு மட்டும் இல்லாம இருக்கது சகஜம்.

ஆஸ்பத்திரியில போய்ப் படுத்த பிறகு ஒரு எச்சரிக்கை. பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரின்னாலும் எல்லாப் பிரிவுக்கும் அனுமதி இருக்காது. எலும்புக்கு இருக்கும், சிறுநீரகத்துக்கு இருக்காது. சேரும்போதே காப்பீட்டு கவுன்ட்டர்ல "இந்த வைத்தியத்துக்கு இங்க உண்டா"ன்னு கேக்கணும். "இப்ப பணத்தக் கட்டுங்க, காப்பீடு வந்ததும் திருப்பித் தாரோம்"னா கட்டக் கூடாது. இது ரொக்கமில்லாத திட்டம். கட்டுன பில்லக் கொண்டு போயி அப்புறம் வாங்குற ஏற்பாடு அதுல கிடையாது. தகராறுன்னா அங்கிருந்தே 1800 425 3993-க்கு போன் போடுங்க, கட்டணம் இல்ல. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு பெரியாஸ்பத்திரின்னா இந்தப் பணப் பேச்சே வராது, ஆனா அங்கயும் அட்டையக் காட்டிப் பதியணும். காப்பீட்டுல வார தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே போகும், நமக்கு நட்டம் ஒண்ணும் இல்ல.

மருந்துச்சீட்டு

இன்சுலின் கேள்விக்கு மட்டும் வாரேன். பிரிட்ஜ் இல்லைன்னு ஊசியத் தள்ளிப் போட வேண்டாம்.

முதல்ல அளவு. அரசு ஆஸ்பத்திரியில கொடுக்கிற குப்பி மில்லிக்கு 40 யூனிட், 10 மில்லி குப்பி. ஆக ஒரு குப்பியில 400 யூனிட். காலையில 20, ராத்திரி 10 போடுறவங்களுக்கு ஒரு நாளைக்கு 30; மாசம் 900. இரண்டு குப்பி பத்தாது, மூணு வேணும். "மாசத்துக்கு ரெண்டு"ன்னு வாங்கிட்டு வந்து, கடைசி வாரம் அளவக் குறைச்சுப் போட்டு ஒப்பேத்துறவங்க உண்டு. நோட்டுல யூனிட்டக் காட்டிக் கேட்டு வாங்கணும்.

அடுத்தது சிரிஞ்ச், இதுதான் உயிர் விஷயம். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. கடையில மாத்திக் கொடுத்தாங்கன்னா என்ன ஆகும்? 40 குப்பி மருந்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 8 யூனிட்தான், சுகர் இறங்கவே இறங்காது. "மருந்து சரியில்ல"ன்னு அளவக் கூட்டுவாங்க. தலைகீழா, 100 யூனிட் மருந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோட்டுக்கு இழுத்தா 50 யூனிட் போயிரும். அது ஆளையே சாய்ச்சிரும். படிக்கத் தெரியாதவங்களுக்கு மூடி நிறத்தையும் குப்பியில உள்ள 40-ங்கிற எண்ணையும் காட்டிக் கொடுத்தா போதும். காலிக் குப்பியையும் பழைய சிரிஞ்சு மூடியையும் கடைக்குக் கொண்டு போகச் சொல்லுங்க.

பால் மாதிரி கலங்கலா இருக்கிற 30/70 கலவை மருந்துன்னா, போடுறதுக்கு முன்னால உள்ளங்கையில வச்சு இருபது தடவ உருட்டணும். குலுக்கக் கூடாது, நுரை வந்தா அளவு தப்பும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்ன போடணும். அரிசி வெந்துருச்சான்னு பாத்துட்டுப் போடுங்க. ஊசியப் போட்டுட்டு அடுப்புப் பத்த வைக்கிறதுதான் தாழ்சர்க்கரைக்கு முதல் காரணம். வயித்துலயும் தொடையிலயும் தினமும் ஒரு விரல் தள்ளித் தள்ளிப் போடணும். ஒரே இடத்துல குத்துனா கட்டி கட்டும், அந்தக் கட்டியில போட்ட மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது.

வைக்கிற இடம். திறந்த குப்பி நாலு வாரம் வரைக்கும் பிரிட்ஜ் இல்லாமத் தாங்கும், ஆனா வெப்பம் 30 டிகிரிக்குள்ள இருக்கணும். நம்ம ஊர் சித்திரை, வைகாசிக்கு ஓட்டு வீடோ தகர வீடோ அந்தக் கணக்குக்கு அடங்காது. அதுக்கு ரெண்டு மண்பானை. பெரிய பானையில மணலக் கொட்டி அதுக்குள்ள சின்ன பானைய இறக்கணும். மணல்ல காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தணும், மேல ஈரத்துணி. குப்பிய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு உள்ள வைக்கணும். டப்பா இல்லாம நேரா வச்சா லேபிள் நனைஞ்சு தேதி அழிஞ்சிரும். காத்துப் படுற நிழல்ல வைக்கணும், அடுப்படியில இல்ல. தண்ணி ஆவியாகப் போகும்போதுதான் குளுரும், அதனால வறண்ட காத்து அடிக்கிற கோடையில பானை நல்லா வேல செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில அவ்வளவு குளுராது, ஆனா அப்ப வெயிலும் இல்ல. பெயின்ட் அடிச்ச பானை ஆகாது, தண்ணி கசியாது.

திறக்காத குப்பிகளுக்கு மட்டும் பக்கத்து வீட்டு பிரிட்ஜ கேளுங்க. கதவுத் தட்டுலயும் ஐஸ் பெட்டிக்கு ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டுல வைக்கணும். ஒரு தடவ உறைஞ்ச இன்சுலின் திரும்ப இளகினாலும் வேலைக்கு ஆகாது. கலவை மருந்து உருட்டின பிறகும் கண்ணாடியில திப்பி திப்பியா ஒட்டிக்கிட்டு இருந்தா தூக்கிப் போட்ருங்க. தெளிவா இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலும் அப்படியே. மத்தியான பஸ்ஸுல வாங்கிட்டு வரும்போது ஈரத்துணி சுத்தின பையில வைங்க, பைக் பெட்டிக்குள்ள வேண்டவே வேண்டாம்.

வேர்த்து, கை நடுங்கி, கண்ணக் கட்டுதுன்னா சுகர் 70-க்குக் கீழ போயிருக்கும். மூணு டீஸ்பூன் சீனிய தண்ணியில கரைச்சுக் குடிக்கணும், கால் மணி நேரம் பாக்கணும், தேறலைன்னா இன்னொரு தடவ. தேறின பிறகு ரெண்டு இட்லி. வீட்டுல அல்வா இருக்குன்னு அத ஊட்டாதீங்க. நெய் இருக்கதுனால சீனி மெதுவாத்தான் ரத்தத்துல ஏறும். மயங்கிட்டாங்கன்னா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, 108 கூப்பிடணும்.

பயன்படுத்தின ஊசிகள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு நிறைஞ்சதும் சுகாதார நிலையத்துல கொடுத்திருங்க. குப்பையில போட்டா தூய்மைப் பணியாளர் கையிலதான் ஏறும்.

வார்டு சிஸ்டர்

மேல சொன்னது எல்லாம் சரி. நான் கால் பத்தியும், யாரும் தொடாத ஒரு விஷயத்தப் பத்தியும் எழுதுதேன்.

பீடி சுத்துறவங்க நாள் பூரா கால மடக்கிக் குனிஞ்சே உக்காந்திருப்பாங்க. கழுத்து வலி, முதுகு வலி. கடையில போயி "செட் மாத்திரை" வாங்குவாங்க. பொட்டலத்துல நாலஞ்சு உதிரி மாத்திரை, பேரும் இருக்காது தேதியும் இருக்காது. அதுல ஒண்ணு பெரும்பாலும் டைக்ளோபெனாக் மாதிரி வலி மருந்து. அது சிறுநீரகத்தத் தாக்கும், ஏற்கெனவே சுகரால பழுதுபட்டு வார சிறுநீரகத்த இன்னும் சீக்கிரமா. இன்னொண்ணு ஸ்டீராய்டா இருந்துச்சுன்னா ரெண்டே நாள்ல சுகர் எகிறும். "மாத்திரை ஒழுங்காத்தான் போடுதேன், ஆனா சுகர் 350"ன்னு வாரவங்ககிட்ட முதல்ல கேக்க வேண்டியது இதத்தான். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மா கிடைக்கும். அண்ணாச்சி, உங்க மனுத் தாளோட ஓரத்துல "செட் மாத்திரை வாங்காதீங்க"ன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தாலே புண்ணியமாப் போகும்.

மெட்பார்மின் போட்டா வயித்தால போகுதுன்னு நிறுத்திருதாவ. 500 மில்லிகிராம்ல ஒரு வேளையா ஆரம்பிச்சு, சாப்பாட்டுக்கு நடுவுல போட்டு, ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டுனா பெரும்பாலும் பழகிரும். அத டாக்டர்கிட்ட சொல்லணும், தானா நிறுத்தக் கூடாது.

கால். சுகர்ல நரம்பு மரத்துப் போயிட்டா வலி தெரியாது, அதான் ஆபத்து. வலிக்கிற புண்ணுக்கு மனுஷன் உடனே ஓடுவான், வலிக்காத புண்ண நாள்கணக்கா விட்ருவான். ராத்திரி படுக்கப் போகும்போது உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் மூணையும் பாக்கணும், கண்ணு தெரியாதவங்களுக்குப் பேரப் பிள்ளைகள் பாத்துச் சொல்லணும். கத்தரி வெயில்ல தார்ரோட்டுல வெறுங்காலோட நடந்தா கொப்புளிக்கும், அது அவங்களுக்குத் தெரியாது. திருச்செந்தூர் பாதயாத்திரை, பூக்குழி எல்லாத்துக்கும் இது பொருந்தும். நேர்ச்சை இருக்கேன்னு கேட்டா, கோயில் வாசல் வரைக்கும் செருப்போட போயிட்டு உள்ள கழட்டுங்கன்னு சொல்லுங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. பெரியாஸ்பத்திரியில கேட்டு எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக்கணும், அடிப்பாகம் மெத்துன்னு இருக்கும். குதிகால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் போதும், பிளேடு வச்சு சீவக் கூடாது, மரக்கட்டைல தேய்க்கவும் கூடாது. விரலிடுக்குல எண்ணெய் படக் கூடாது, அங்க ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும்.

புண்ணுல நாத்தம், சுத்திச் சிவப்பு, வீக்கம், விரல் கறுப்பு, காய்ச்சல், இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே ஹைகிரவுண்ட் போகணும். மஞ்சளப் பத்துப் போட்டு ரெண்டு நாள் பாக்கலாம்னு இருந்தா, விரலோட போக வேண்டியது முழங்காலோட போயிரும். இங்கதான் காப்பீட்டு அட்டை வேணும். அட்டை இல்லாம வந்து படுத்தவங்களுக்காகப் பிள்ளைகள் வருமானச் சான்றுக்கு அலையுறதப் பாக்க முடியாது. சுகர்னு தெரிஞ்ச அன்னைக்கே அட்டைக்கு மனுப் போடணும், புண் வந்த பிறகு இல்ல.

வருஷம் ஒரு தடவ கண் விழித்திரை, கால் உணர்ச்சி, மூத்திரத்துல புரதம், ரத்தத்துல கிரியாட்டினின் பாக்கணும். எச்.பி.ஏ.1.சி. (மூணு மாசச் சராசரிச் சுகர் காட்டுற ரத்தப் பரிசோதனை) எல்லா நிலையத்துலயும் எடுக்க மாட்டாங்க, டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க. 7-க்குக் கீழ இருந்தா பெரும்பாலானவங்களுக்கு நல்லது. வயசானவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தியே வைப்பாரு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளியும் கொடுத்துப் பாக்கணும், சுகர் இருக்கவங்களுக்குக் காசநோய் எளிதா ஒட்டும்.

கருப்பட்டிக் காப்பி ஆகும்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்லுவாவ. ஆகாது. அதுவும் சர்க்கரைதான்.

மனு எழுதுபவன் (சேரன்மகாதேவி)

ரொம்ப நன்றி, எல்லாத்தையும் பிரிச்சு எழுதி ஒட்டி வைக்கேன். ஏஜென்ட் விஷயம் மட்டும் பாக்கி. மேலப்பாளையத்துல இருந்து ரெண்டு பேரு நோன்புக்கு எப்படி மருந்து போடணும்னும் கேட்டாவ.

பாலிசிக் கணக்கு

சுகர மறைச்சு எடுத்த பாலிசி, பிரீமியம் கட்டுற வரைக்கும்தான் பாலிசி. ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னைக்கு டாக்டர் முதல்ல கேக்குறது "எத்தன வருஷமாச் சுகர்?". நோயாளி உண்மையச் சொல்லுவாரு, "ஒன்பது வருஷம்"னு கேஸ் ஷீட்ல ஏறிரும். கம்பெனி கேக்குறது அந்தத் தாளத்தான். கிளெய்ம் போச்சு, பாலிசியும் ரத்தாகலாம். ஏஜென்டுக்கு அதுக்குள்ள கமிஷன் வந்திருக்கும்.

சொல்லிட்டே எடுக்கலாம். 2024-ல இருந்து, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம்தான், அதுக்கு மேல கம்பெனி தள்ள முடியாது. 60 மாசம் தொடர்ந்து கட்டின பிறகு, மோசடின்னு நிரூபிச்சா ஒழிய, மறைச்சீங்கன்னு சொல்லிக் கிளெய்ம மறுக்க முடியாது. ஏஜென்ட் இந்த அஞ்சு வருஷக் கணக்கத்தான் நம்ப வைக்கப் பாப்பாரு. அஞ்சு வருஷம் வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு யாரு உத்தரவாதம் தர? ஏற்கெனவே எடுத்துட்டவங்க, பாலிசி கையில வந்து 30 நாளுக்குள்ளன்னா திருப்பிக் கொடுத்துப் பணத்த வாங்கலாம், சில பிடித்தங்கள் போக. எழுத்துல கொடுங்க, வாயால சொன்னது நிக்காது.

பீடிக் கூலிக்காரங்க தனியார் பிரீமியம் கட்டுறது வீண்ங்கிறது என் கருத்து. வருமான வரம்புக்குள்ள வாரவங்க முதல்வர் திட்டத்த முடிச்சிட்டு, அந்தப் பிரீமியக் காசுல வீட்டுலயே சுகர் பாக்குற ஒரு குளுக்கோமீட்டரும் அதுக்கான பரிசோதனைப் பட்டைகளும் வாங்கலாம். வரம்புக்குக் கொஞ்சம் மேல இருக்கிற குடும்பத்துக்குத்தான் தனியார் பாலிசி யோசிக்க வேண்டியது.

மருந்துச்சீட்டு

நோன்பு விஷயம்: ரமலானுக்கு ஒரு மாசம் முன்னாலயே டாக்டர்கிட்டப் போகணும், முதல் நோன்பன்னைக்கு இல்ல. பொதுவா, காலையில போடுற கிளிமிபிரைட்ங்கிற சுகர் மாத்திரைய நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாத்துவாங்க. கலவை இன்சுலின் ரெண்டு வேளைன்னா, காலை அளவு இப்தாருக்கு (நோன்பு திறக்கிற நேரம்) வரும், ராத்திரி அளவுல பாதி சஹருக்கு (விடியுறதுக்கு முன்ன சாப்பிடுறது). எத்தன யூனிட்னு டாக்டர்தான் எழுதணும். விரல்ல குத்திச் சுகர் பாக்குறதுனால நோன்பு முறியாது. 70-க்குக் கீழ, இல்ல 300-க்கு மேல போனா அப்பவே நோன்பத் திறந்திரணும். டயாலிசிஸ்ல இருக்கவங்களும், சமீபத்துல தாழ்சர்க்கரையில மயங்கினவங்களும் நோன்பு வைக்கக் கூடாது. குலசை (குலசேகரப்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டு ஒரு வேளை சாப்பிடுறவங்களுக்கும் இதே கதைதான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைட் போட்டுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் வெறும் வயித்தோட இருந்தா விழுந்திருவாங்க. மெட்பார்மின் மட்டும் போடுறவங்களுக்கு அந்தப் பயம் குறைவு.